பெயர் வெட்டிய மூடி

ஹரிராம் எறிந்த மூடி, நியாயமாகப் பார்த்தால், பென்குவினின் வாய்க்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. கடைசி நொடியில் இடப்பக்கம் சாய்ந்து, அறிவிப்புப் பலகையின் கண்ணாடியில் மோதி, அதைச் சில்லுச் சில்லாக உதிர்த்துவிட்டு, பின்னாலிருந்த காகிதப்பூப் புதருக்குள் மறைந்துவிட்டது.

காலை ஐந்து மணி பத்து நிமிடம். பூங்காவின் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. குப்பை வாங்குவதற்காக வாயைப் பிளந்து நிற்கும் சிமெண்டுப் பென்குவின், அவரைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது.

உடைந்த கண்ணாடிக்குள் ஒட்டியிருந்த அறிவிப்பை அவர் படிக்க வேண்டியதில்லை. எழுதியவரே அவர்தான்.

'பூங்காவுக்குள் தட்டு எறிந்து விளையாடுவது தடை செய்யப்பட்டுள்ளது. மீறுபவரின் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் இப்பலகையில் ஒரு மாதம் எழுதி வைக்கப்படும். இப்படிக்கு, ஹரிராம், தலைவர், நடைப்பயிற்சியாளர் சங்கம், திருநகர்.'

தகப்பனார் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டு வந்ததும் அவரேதான். "எறியறவனுக்கு வெக்கம் இருக்காது. பெத்தவனுக்காவது இருக்கட்டும்" என்று மேசையைத் தட்டிப் பேசியிருந்தார்.

அவருடைய தகப்பனார் கோவிந்தராம் காலமாகி முப்பது வருடம். தெற்கு மாசி வீதியில் ஜரிகைக் கடை வைத்திருந்தவர். அவர் எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவரின் பெயர், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், சாக்பீஸில்!

ஹரிராம் புதருக்குள் கையை விட்டார். காகிதப்பூவுக்கு இதழ்தான் மெல்லியது. முள் அப்படியில்லை.

"ஐயா!"

காவலாளி ஆண்டிச்சாமி பின்னால் வந்து நின்றான்.

"மணி அஞ்சேகாலாகப் போகுது. பின் கேட்டுப் பக்கமா நடையைக் கட்டுங்க."

"கொஞ்சம் பொறு ஆண்டிச்சாமி. மூடி உள்ள கெடக்கு."

"மூடி எங்கயும் போகாதுங்கய்யா. நீங்கதான் போகணும். அஞ்சேகால்னா அஞ்சேகால். ஆளு வந்துரும்."

"கண்ணாடி உடைஞ்ச சத்தம் வெளியில கேட்டிருக்குமோ?"

"எனக்கே கேக்கல. கருப்பு மேல சத்தியம்."

இந்த ஒரு குணத்துக்காகவே ஹரிராமுக்கு ஆண்டிச்சாமியைப் பிடிக்கும். பூங்கா ஊருக்குத் திறப்பது ஐந்தரைக்கு. நாற்பது நாளாக அவருக்காக மட்டும் ஐந்து மணிக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறான். ஐந்தேகாலுக்கு ஒரு நிமிடம்கூடத் தாண்ட விடாமல் பின் வாசல் வழியாக அனுப்பிவிடுகிறான். ஒரு மனிதரின் மானத்தைக் காப்பதில் இவ்வளவு கண்டிப்பான காவலாளி மதுரை ஜில்லாவிலேயே கிடையாது என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம்.

ஆறு மணிக்கு வழக்கமான நடையாக வந்து மூடியை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு, முள் குத்திய கையை வேட்டிக்குள் மறைத்தபடி அவர் வீட்டுக்கு நடந்தார். முதுகு மட்டும் வளையவில்லை. அறுபத்தாறு வயதில் அந்த முதுகு நாற்காலியின் சாய்மானத்தைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

இந்த வினை ஒரு டம்ளர் அருகம்புல் சாற்றில் தொடங்கியது.

ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஊஞ்சலுக்குப் பிள்ளைகள் வரிசை, கடலை வண்டி, கைக்குழந்தைகள், நடக்கிறவர்கள், நடக்கிறவர்களை நிறுத்திப் பேசுகிறவர்கள். ஹரிராம் சாறு வாங்கி உதட்டருகே கொண்டுபோனார். எங்கிருந்தோ ஒரு ஆரஞ்சு நிறத் தட்டு வந்து டம்ளரைத் தட்டிவிட, முழுச் சாறும் அவருடைய சலவை ஜிப்பாவில் பச்சையாக இறங்கியது.

ஓடி வந்தவன் பாலமுரளி. மூன்றாவது தெருக்காரன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"ஸாரி சார். கோல்ப் மாதிரி ஒரு ஆட்டம் சார் இது. பந்துக்குப் பதிலாத் தட்டு. குழிக்குப் பதிலா மரம், விளக்குக் கம்பம், தண்ணித் தொட்டி. ஒம்பது இலக்கு. ஒம்பதாவது அந்தப் பென்குவின் வாய். கொறைச்ச வீச்சுல யாரு முடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க."

"மனுஷங்க நடக்கிற எடத்துலயா?"

"நடக்கிறவங்க தாண்டுற வரைக்கும் நின்னுதான் சார் எறிவோம். நீங்க தாண்டிட்டீங்க. அப்புறம் திடீர்னு பின்னால வந்து ஜூஸ் வாங்கிட்டீங்க."

"அப்ப தப்பு என் மேல?"

"அப்படிச் சொல்லல சார்..."

"வேற எப்படிச் சொன்ன? எங்கப்பா காலத்துலருந்து எங்க குடும்பத்துக்காரன் மேல எவன் கையும் பட்டதில்ல. தட்டு பட்டுருச்சு!"

அன்றைக்கே தட்டைப் பறிமுதல் செய்தார். மறு வாரமே சங்கத்தைக் கூட்டித் தீர்மானம். உபதலைவர் ஷேக் தாவூது வழிமொழிந்தார். கீழவாசலில் கைலிக் கடை நடத்தி ஓய்ந்தவர். முப்பது வருட நண்பர். செயலாளர் மீனலோசனி எழுதினார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒற்றெழுத்துகூட விடாமல் எழுதினார்.

ஆனால் பறிமுதல் செய்த அன்று இருட்டுவதற்குள் மழை வந்துவிட்டது. பூங்கா காலியாகிவிட்டது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்ற ஹரிராமுக்குக் கோபம் அடங்கவில்லை. "குப்பை குப்பைக்கே போ" என்று பென்குவினைப் பார்த்து வீசினார்.

தட்டு போனது. எறிந்த பொருளாகப் போகவில்லை. எங்கே போவதென்று அதற்கே தெரிந்தது போலப் போனது. காற்றில் ஒரு நொடி நின்று யோசித்து, வட்டமடிக்கும் பருந்து இறங்குவது போலச் சாய்ந்து, சத்தமில்லாமல் பென்குவினின் வாய்க்குள் உட்கார்ந்தது.

முதல் வீச்சிலேயே விழுந்ததுதான் கேடு. விழாமல் இருந்திருந்தால் அவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பார்.

இரண்டு நாளில் பாலமுரளியின் அம்மா வந்து தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இன்னொரு தட்டு வேண்டுமென்று தலைவர் யாரிடம் கேட்க முடியும்? சமையலறையில் மாவு வாளியின் மூடி இருந்தது. குமிழ் இல்லாத தட்டை மூடி. விளிம்பு மடித்தது. மறுநாளிலிருந்து அதுதான் அவருடைய ஆயுதம். கால் மணி நேரத்துக்குள் மூன்று இலக்குதான் முடியும். ஆகவே ஒரு முழு ஆட்டத்துக்கு மூன்று நாள். போன வாரம் ஒன்பதையும் இருபத்தாறு வீச்சில் முடித்திருந்தார். இந்தப் பெருமையை யாரிடமும் சொல்ல முடியாமல் நெஞ்சில் வைத்துக்கொண்டிருப்பது, தொண்டையில் மீன்முள் வைத்திருப்பதைப் போல இருந்தது. அவர் மீன் சாப்பிடாதவர் என்பது வேறு விஷயம்.

ஆறு மணிக்கு அவர் பூங்காவுக்குள் நுழைந்தபோது புதருக்கு முன்னால் மீனலோசனி நின்றுகொண்டிருந்தார். கையில் மூடி.

"பாத்தீங்களா சார் அக்கிரமத்தை? கண்ணாடி போச்சு. தடயம் சிக்கிருச்சு."

"டீச்சர், நீங்க... இவ்வளவு சீக்கிரமா?"

"பூஜைக்கு நாலு அரளி பறிக்கலாம்னு வந்தேன்" என்றார் அவர், சற்று வேகமாக. "அதை விடுங்க. எறிஞ்சவனுக்கு எறியவே தெரியல. மணிக்கட்டைச் சுண்டாம தோளாலயே தள்ளியிருக்கான். அதான் இடது பக்கம் இழுத்திருச்சு."

"மணிக்கட்டா?" என்று ஹரிராமுக்கு வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "கொண்டாங்க. தலைவர் பொறுப்புல இருக்கட்டும்."

"அதெப்படி? விசாரிக்கப் போறவரு நீங்க. தடயம் செயலாளர்கிட்டதான் இருக்கணும். உள்பக்கம் பேரு வேற வெட்டியிருக்கு சார். மூக்குக்கண்ணாடி கொண்டு வரல. இருங்க, வெளிச்சத்துல பாக்கலாம்..."

பேர்! ஹரிராம் அதை மறந்தே போயிருந்தார். எவர்சில்வர் பாத்திரமென்றால் பெயர் வெட்டாமல் எந்த வீட்டில் இருக்கிறது? புள்ளி புள்ளியாகக் கொத்தி, பெயர், ஊர், தேதி. இந்த மூடியைக் கவிழ்த்துப் பார்த்ததேயில்லை அவர். பறக்கிற பக்கத்தைத்தான் பார்த்திருந்தார்.

"படிக்காதீங்க!" என்று கத்தினார்.

டீச்சர் திடுக்கிட்டார்.

"முறைன்னு ஒண்ணு இருக்கு" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒருத்தரோட குடும்ப மானம் இது. பொதுக்கூட்டத்துலதான் படிக்கணும். அதுவரைக்கும் யாரும் பாக்கக் கூடாது."

நாலு நாள் அவகாசம் கிடைத்தால் ஏதாவது செய்யலாம் என்பது கணக்கு. ஆனால் அவர் கணக்குப் போட்டது கணக்கு டீச்சரிடம்.

"ரொம்பச் சரி சார். பையில போட்டுத் தைச்சுருவோம். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் எல்லாரையும் கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் பிரிப்போம். தையல் மேல நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

சொன்னது போலவே மஞ்சள் பையில் மூடியை வைத்து, வாயைத் தைத்து நீட்டினார். தன் தூக்குக் கயிற்றுக்குத் தானே முடிச்சுப் போடுகிறவனைப் போல ஹரிராம் கையெழுத்திட்டார். பொழுது சாய்வதற்குள் திருநகர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பையைப் பிரிக்கும் நாளைத் தேரோட்டத்தைப் போல எதிர்பார்க்கத் தொடங்கினார்கள்.

வீட்டில் லலிதாம்பாள் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். அந்த மொழியில் திட்டினால்தான் அவளுக்குத் திட்டிய திருப்தி வரும்.

"மாவு வாளி மூடியைக் காணோம்."

"ஆண்டிச்சாமி கஞ்சிக்கு மூட ஒண்ணு கேட்டான். குடுத்தேன்."

"பேரு வெட்டின மூடியையா? வேற மூடியே கெடைக்கலையா? பேரு வெட்டின பாத்திரம் வாசல் தாண்டினா குடும்ப மானம் வாசல் தாண்டின மாதிரின்னு உங்கம்மாவே சொல்லுவாங்க. நானே போய்க் கேட்டு வாங்கிட்டு வாரேன்."

"நீ போக வேண்டாம்! நான் வாங்கிட்டு வாரேன்."

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. இதே அளவில் பெயரே வெட்டாத மூடி ஒன்று வாங்கினால் போதும். டீச்சர் வீட்டுக்குப் போய், அவர் காபி கலக்க உள்ளே போகும் நேரத்தில், பையின் அடித் தையலைப் பிரித்து மாற்றிவிடலாம். பெயரில்லாத மூடிக்குத் தகப்பனார் ஏது?

பஸ் ஏறி விளக்குத்தூண் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குப் போனார். அளவு சரியாக இருந்தது. கல்லாவில் இருந்தவர் விலாசம் கேட்டார், பில்லுக்கு. சொன்னார். தாகமாக இருந்ததால் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுத் திரும்பினார். உள்ளே 'கர்ர்' என்று ஒரு சத்தம்.

"என்ன சத்தம்?"

"பேரு வெட்டுறாங்க சார்."

"நான் கேக்கவே இல்லையே!"

"கேக்கணுமா சார்? பேரு வெட்டாம எங்க கடைப் பாத்திரம் படி இறங்கினதே இல்ல. உங்க முகத்துக்காகப் பெரிய எழுத்தாவே போடச் சொல்லியிருக்கேன்."

மூடி வந்தது. 'ஹரிராம், திருநகர், மதுரை' என்று, சுற்றிலும் மாங்காய்க் கொடியுடன், குருடனும் தடவிப் படிக்கும்படி வெட்டியிருந்தார்கள்.

அந்த மூடி வாளிக்குத்தான் ஆயிற்று. லலிதாம்பாள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம மூடி இல்லையே?"

"தேய்ச்சுக் குடுத்திருக்கான். பளபளன்னு ஆயிருச்சு."

"தேய்ச்சா மாங்காயெல்லாம் காய்க்குமா?"

அவள் மூடியை வாளியில் பொருத்தி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அந்தச் சத்தம் சௌராஷ்டிரத்தைவிடப் பயங்கரமாக இருந்தது.

சனிக்கிழமை நடையில் ஷேக் தாவூதிடம் மனதைத் திறந்துவிடலாமா என்று நினைத்தார். தாவூதுக்கும் அன்று முகம் சரியில்லை. வலது தோளை நீவிக்கொண்டே வந்தார். தைலம் வாசம் அடித்தது.

"என்ன பாய் தோள்ல?"

"தூக்கத்துல பொரண்டு படுத்துட்டேண்ணே." பென்குவினைத் தாண்டியதும், "ஏண்ணே, அந்தத் தகப்பனார் பேரு எழுதுறதை மட்டும் தீர்மானத்துலருந்து எடுத்துட்டா என்ன? கபர்ல இருக்கிறவரை எதுக்கு எழுப்பணும்?" என்றார்.

பாய்க்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் நமக்காகப் பேசுகிறாரா? இரக்கப்பட்டுத் தருவதை வாங்கிக்கொள்ளும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

"போட்ட தீர்மானம் போட்டதுதான் பாய்" என்று விறைத்தார்.

தாவூது பெருமூச்சு விட்டார்.

ஞாயிறு மாலை பூங்காவில் கால் வைக்க இடமில்லை. ஊஞ்சல்கள் முதன்முறையாகக் காலியாக ஆடின. கடலை வண்டிக்காரர் வண்டியையே மேடைக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பாலமுரளி கூட்டாளிகளோடு முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். பெண்கள் பக்கத்தில் லலிதாம்பாள். அவள் கூட்டத்துக்கு வந்தது இதுவே முதல் தடவை.

ஹரிராம் தலைவர் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் மஞ்சள் பை.

மீனலோசனி தையலைப் பிரித்தார். மூடியை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அப்பா, மன்னிச்சிருங்க என்று ஹரிராம் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"ஷேக் தாவூது. கீழவாசல். ஏழு, ஆறு, தொண்ணூத்தெட்டு" என்று டீச்சர் படித்தார்.

கூட்டத்தில் ஒரு 'ஆ' எழுந்து அடங்கியது.

ஹரிராமுக்கு ஒரு மூச்சு நேரம் வானமே இறங்கி வந்து விசிறியது போல இருந்தது. தன் பெயர் இல்லை! அடுத்த மூச்சில் விளங்கிவிட்டது. ஏழு, ஆறு, தொண்ணூற்றெட்டு. மகள் ஸ்ரீலட்சுமியின் கல்யாணம். பாய் கொடுத்த அன்பளிப்பு அந்த வாளி. அன்பளிப்புப் பாத்திரத்தில் கொடுத்தவன் பெயர்தான் இருக்கும். வைத்திருப்பவன் பெயர் எங்கே இருக்கும்? ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த நியாயம், நாலு நாள் பயத்தில் அவருக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

இப்போது பாய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'இதை நான் ஹரிராம் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தேன்' என்றால் முடிந்தது.

ஷேக் தாவூது எழுந்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, ஹரிராமை மட்டும் ஒரு முறை பார்த்தார்.

"என் மூடிதான்" என்றார். "எறிஞ்சதும் நான்தான்."

"பாய்!" என்று ஹரிராம் பாதி எழுந்து உட்கார்ந்தார்.

"உபதலைவரா இருந்துக்கிட்டு..." என்று யாரோ முனகினார்கள்.

"வழிமொழிஞ்ச கையும் எறிஞ்ச கையும் ஒண்ணுதானாப்பா?" என்று கடலைக்காரர் கேட்டார். சிரிப்பு எழுந்தது.

மீனலோசனி பேனாவைத் திறந்தார். "விதிப்படி எழுதணும். ஷேக் தாவூது. தகப்பனார் பேரு?"

தாவூது தலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"உபைதுல்லா."

அந்தப் பெயர் ஹரிராமுக்குத் தெரியும். உபைதுல்லா சாயபு! கோவிந்தராம் இறந்த அன்று கடையை அடைத்துவிட்டு வந்து, தெருமுனை வரை பாடையோடு வெறுங்காலில் நடந்தவர். அவருடைய பெயரா பென்குவினுக்குப் பக்கத்தில்? அதுவும் தனக்காகவா?

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, ஹரிராம் எழுந்தார்.

"நிறுத்துங்க டீச்சர்! அந்தப் பேரை அடிங்க. எழுதுங்க: ஹரிராம். தகப்பனார் பேரு கோவிந்தராம். ஜரிகைக் கடை கோவிந்தராம்னு முழுசா எழுதுங்க."

கூட்டம் வாயைப் பிளந்தது. பென்குவினுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை.

"அது என் மக கல்யாணத்துக்குப் பாய் குடுத்த வாளியோட மூடி. எறிஞ்சவன் நான். கண்ணாடியை உடைச்சவன் நான். எனக்காக இந்த மனுஷன் பழியை ஏத்துக்கிறாரு. எங்கப்பாவுக்கு, தப்புப் பண்ணினவனோட தகப்பன்னு பேரு வந்தா வரட்டும், அவரு தாங்கிக்குவாரு. அடுத்தவன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சவனோட தகப்பன்னு பேரு வந்தா, அதை அவரு தாங்க மாட்டாரு. சாக்பீஸ்ல வேண்டாம், பெயிண்ட்ல எழுதுங்க. ஒரு மாசம் வேண்டாம், ஒரு வருஷம் இருக்கட்டும்!"

"அண்ணே, அண்ணே, கொஞ்சம் கேளுங்க" என்று தாவூது குறுக்கே வந்தார். "நெசமாவே நான்தாண்ணே எறிஞ்சேன். ஒரே மாதிரி ஒரு டஜன் வாளி வாங்கி, எல்லாத்துலயும் ஒரே நாள்ல பேரு வெட்டினேன். எங்க வீட்டுலயும் ஒண்ணு... அன்னைக்கு அதே புதருக்குள்ளதான் போச்சு..."

"போதும் பாய்! உங்க பெருந்தன்மை எனக்குத் தெரியும். இதுக்கு மேல பொய் சொன்னா அல்லா கேப்பாரு."

"அல்லா கேப்பாருன்னுதாண்ணே உண்மையைச் சொல்றேன்!"

"நான் எறிஞ்ச மூடியை எனக்குத் தெரியாதா?"

"நான் எறிஞ்சதை எனக்குத் தெரியாதா?"

குற்றத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவதைத் திருநகர் அதுவரை பார்த்ததில்லை. பெண்கள் பக்கத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லலிதாம்பாள் மட்டும், "அதான் மாங்காய் காய்ச்சுதா!" என்று சௌராஷ்டிரத்தில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஹரிராம் கையை உயர்த்தினார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்றானதும் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

"இன்னொண்ணும் எழுதிக்கங்க டீச்சர். நாற்பது நாளா எறியறேன். நாளைக்கும் எறிவேன். ஒம்பது இலக்கையும் இருபத்தாறு வீச்சுல முடிச்சிருக்கேன். எவன் கேக்குறான்னு பாத்துர்றேன்!"

"இருபத்தாறா?" பாலமுரளி துள்ளி எழுந்தான். "சார், என்னோட பெஸ்டே இருபத்தெட்டு!"

"மூடியிலயாடா எறிஞ்ச நீ? பிளாஸ்டிக்குல எறிஞ்சவன்தானே? உக்காரு."

கைதட்டல் எழுந்தது. முதலில் பையன்கள், பிறகு கடலை வண்டி, பிறகு மொத்தப் பூங்காவும். அந்த ஆரவாரத்தில் மீனலோசனி மட்டும் பதிவேட்டைப் படாரென்று மூடினார்.

"விதியைத் திருத்திரலாம் சார். தடையையே எடுத்துரலாம். இன்னைக்கே. இப்பவே. மேற்கொண்டு யாரையும் விசாரிக்க வேண்டாம்" என்று மூச்சு விடாமல் சொன்னார்.

"ஏன் டீச்சர்? விசாரணைன்னா முழுசா நடக்கணும். எனக்காக யாரும் இரக்கப்பட வேண்டாம். ஆண்டிச்சாமியைக் கூப்பிடுங்க! எல்லாத்தையும் கண்ணால பாத்த சாட்சி அவன்தான். ஏய் ஆண்டிச்சாமி, இனிமே சத்தியமெல்லாம் காப்பாத்த வேண்டியதில்ல. நான் சொல்லிட்டேன். இவங்க முன்னால வந்து, காலங்காத்தால இங்க என்ன நடந்துச்சுன்னு மறைக்காமச் சொல்லு."

ஆண்டிச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். ஹரிராமைப் பார்த்தான், தாவூதைப் பார்த்தான், பதிவேட்டால் முகத்தை மறைத்துக்கொண்ட மீனலோசனியையும் பார்த்தான். பெரிய பாரத்தை இறக்கி வைக்கிறவனைப் போல மூச்சை விட்டான்.

"அப்பாடா! தடையை எடுத்தாச்சுன்னா இனிமே மூணு பேரும் ஒண்ணாவே வந்துருங்கய்யா. பாய்க்கு நாலே முக்கால், உங்களுக்கு அஞ்சு, டீச்சருக்கு அஞ்சேகால்னு, ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிச்சிராம உள்ள விட்டு வெளிய அனுப்பி, எனக்கு இந்த நாற்பது நாளா ஒழுங்கான தூக்கமே இல்ல!"